பெட்டியைத் திறந்தால் மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடுதி மாடியில் ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து பி.பி.சி. தமிழோசை கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. "பழசையெல்லாம் இன்டர்நெட்டில் போட்டுவிட்டால் முடிந்தது, அப்புறம் என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாதுங்க. அதற்கு அதே பி.பி.சி.யின் கதை ஒன்று இருக்கிறது.

1086-ல் இங்கிலாந்து மன்னர் வில்லியம், ஊர் ஊராக நிலபுலன்களைக் கணக்கெடுத்துத் தோல் ஏட்டில் எழுத வைத்தார். 'டூம்ஸ்டே புத்தகம்' என்று பெயர். அதன் 900-ம் ஆண்டு நினைவாக 1986-ல் பி.பி.சி. புதிய கணக்கெடுப்பு நடத்தியது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள். எல்லாம் இரண்டு லேசர் தட்டுகளில் ஏறியது. பதினைந்தே வருஷம்! தட்டு இருக்கிறது, அதை ஓட்டும் கருவி அபூர்வமாகிவிட்டது. தோல் ஏடோ இன்றைக்கும் படிக்கும்படி இருக்கிறது. பிறகு லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் மென்பொருள் எழுதி மீட்டார்கள். 2011-ல் இணையத்தில் வந்தது. 2018-ல் அந்தத் தளமும் மூடப்பட்டது! நல்லவேளை, பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் பிரதி எடுத்து வைத்திருந்தது.

ஆகவே ஒரே வடிவத்தை நம்பக்கூடாது. சுருக்காத 'வேவ்' கோப்பு சி.டி. தரத்தில் நிமிஷத்துக்குப் பத்து எம்.பி. பிடிக்கும், அது பெட்டகத்துக்கு. 'எம்.பி.3'யில் ஒரு எம்.பி. போதும்; அது பஸ்ஸில் போகிறவர் கைபேசிக்கு. சின்னதிலிருந்து பெரியதை மீட்க முடியாது, மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2018-ல் பி.பி.சி. தன் ஒலி விளைவுகள் 16,000-க்கும் மேற்பட்டவற்றை 'வேவ்' வடிவிலேயே கொடுத்தது. படிப்புக்கு இலவசம், வியாபாரத்துக்கு அல்ல. அது சரியான வேலை.

இன்னொன்று. அறுபது, எழுபதுகளில் பி.பி.சி. 'டாக்டர் ஹூ' தொடரின் பல நாடாக்களை அழித்துவிட்டது. ஆனால் காணாமற்போன பகுதிகளின் ஒலி முழுவதும் பிழைத்திருக்கிறது. எப்படி? ரசிகர்கள் வீட்டு டேப் ரிகார்டரில் பிடித்து வைத்திருந்தார்கள்!

நம் கல்லூரி ஆண்டு விழா கேசட்டுகளும் அப்படித்தான் யார் வீட்டுப் பரணிலோ இருக்கின்றன. என்னிடம் இருந்த இரண்டில் ஒன்று பூஞ்சை பிடித்துப் போயிற்று. அதில் மறைந்த எங்கள் தமிழ் ஐயாவின் பேச்சு இருந்தது. ஓடவிட்டால் இப்போது வெறும் இரைச்சல். அதே விழாவை நம்மில் வேறு யாராவது பதிவு செய்திருக்கலாம். சாப்பாட்டுக்கூடத்து வாசலில் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். கேசட் மேல் பெயரும் வருஷமும் எழுதிப் போடுங்கள். துடைக்கவோ, ஓட்டிப் பார்க்கவோ வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள்.