கடலை விதைக்குள் ஒரு காவல்
(திருவெள்ளறை உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐப்பசியில் பறித்த நிலக்கடலையை அடுத்த ஆடிப் பட்டத்திற்கு வைத்திருந்து விதைத்தால் வயலில் பாதி இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கிறோம். ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ பருப்பு போடுகிறோம். முளைக்காத விதைக்கும் சேர்த்தே உழவு, கூலி, எரு எல்லாம் செலவாகிறது. நெல் விதை தாங்கும் காலத்தைக் கடலை விதை ஏன் தாங்குவதில்லை?

காரணம் எண்ணெய். கடலைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அதில் பிராணவாயு சேரும்போது, ‘தனி உறுப்பு’ எனப்படும் அடங்காத துகள்கள் உண்டாகின்றன. ஒன்று பக்கத்திலுள்ள கொழுப்பைத் தாக்கும். அது அடுத்ததைத் தாக்கும். வைக்கோற்போரில் பற்றிய நெருப்பைப் போல இது பரவும். பழைய பருப்பில் வரும் காறல் நெடி இதனால்தான். உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வும் கொழுப்பால் ஆனதே. அது கிழிந்தால், விதை மண்ணில் ஊறும்போது உள்ளிருக்கும் சர்க்கரை கசிந்து வெளியேறும். பூசணம் அதைத் தேடி வரும்.

இந்தத் தீயை அணைக்க விதை தன்னிடமே ஒரு பொருளை வைத்திருக்கிறது. அது டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ. 1922-இல் அமெரிக்காவில் ஈவான்ஸ், பிஷப் என்ற இருவர் கண்டறிந்த சத்து இது. அடங்காத துகளைத் தானே ஏற்று, தன்னை அழித்துக்கொண்டு, சவ்வைக் காக்கிறது. இந்தச் சத்தை உண்டாக்க இயலாத செடிகளின் விதைகள் சேமிப்பில் விரைவில் முளைப்புத் திறனை இழந்ததை 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பருப்பின் செந்தோலிலும் இவ்வகைக் காப்புப் பொருள்கள் உண்டு.

ஆனால் உலர்ந்த விதையால் இதைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே இருப்பைச் சிக்கனமாகச் செலவிட வைப்பதே நம் வேலை. இதற்காக டானிக் புட்டி வாங்க வேண்டாம்.

முதலில் ஈரம். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ஹாரிங்டன் என்ற விதை அறிஞர் சொன்ன கணக்கு. காயை 8 சதவீத ஈரத்திற்கு உலர்த்துங்கள். இந்த ஊரில் பாறைக்குப் பஞ்சமில்லை. என்றாலும் உச்சி வெயிலில் சுடும் பாறையின் மீது விதைக் காயைப் பரப்பாதீர்கள். பகல் 12 மணி முதல் 3 மணி வரை நிழல் வேண்டும்.

அடுத்தது ஓடு. காயாகவே சேமியுங்கள். விதைப்பதற்குச் சில நாள் முன்பு கையால் உடையுங்கள். இயந்திரத்தில் உடைத்தால் செந்தோல் உரிந்து காற்று நேரே உள்ளே புகும். மூட்டைகளை மரப்பலகை மேல் அடுக்குங்கள். உரமூட்டை அருகில் வேண்டாம்.

எண்ணெயையே மாற்றும் வழியும் வந்துள்ளது. 2020-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கிர்னார் 4, கிர்னார் 5 இரகங்களில் ஒலியிக் அமிலம் ஏறத்தாழ 80 சதவீதம். எளிதில் கெடும் லினோலியிக் அமிலம் மிகக் குறைவு. அதனால் காறல் தாமதமாகும். உலர்த்தும் வேலை மட்டும் குறையாது.

விதைப்புக்குப் பத்து நாள் முன்னதாக 100 பருப்புகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பாருங்கள். 70 முளைத்தால் விதைக்கலாம். 60 என்றால் அதற்கேற்ப விதையைக் கூட்டுங்கள். அதற்கும் கீழே போனால் வேறு விதை தேடுங்கள்.