பழைய ஒயினும் சொந்த நாக்கும்

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பழைய சிவப்பு ஒயினைப் பற்றியது என்றவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பும், சிலருக்குச் சந்தேகமும் உண்டாகலாம். குடிக்கச் சொல்லுவதற்காக நாம் இங்கு வரவில்லை. மதுவில் தீங்கில்லாத அளவு என்பதாக ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாய்ச் சொல்லிவிட்டது. அதை நாம் மறுக்கவில்லை. பின்னை இந்தப் பேச்சு எதற்கு என்றால், இப்பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வாலிபத் தோழர்கள் சிலர் நம்மிடம் கேட்ட ஒரு கேள்விக்காகத்தான். மேலதிகாரிகளோடும் வெளிநாட்டு இஞ்சினீயர்களோடும் அவர்கள் விருந்துக்குப் போகிறார்களாம். அங்கே ஒரு புட்டியைத் திறந்து, "இது இருபது வருஷத்துச் சரக்கு" என்று சொல்லி ஊற்றுகிறார்களாம். வாயில் வைத்தால் துவர்ப்பும் புளிப்புமாய் இருக்கிறதாம். ஆனாலும் எல்லோரும் "ஆகா" என்கிறபடியால் தாங்களும் "ஆகா" என்று சொல்லிவிட்டு வருகிறார்களாம். "எங்கள் நாக்கில் கோளாறா, அல்லது ஒயினில் கோளாறா?" என்பதுதான் அவர்கள் கேள்வி.

தோழர்களே! கேள்வி சிறியதாய்த் தோன்றினாலும் சங்கதி சிறியதல்ல. தன் நாக்கில் பட்டதைச் சொல்லப் பயப்படுகிறவன், தன் புத்தியில் பட்டதை எப்படித் தைரியமாய்ச் சொல்லப்போகிறான்? ஆகவே இந்தப் பழைய ஒயின் என்பதன் யோக்கியதையைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலாவது, வயது ஒயினுக்கு என்ன செய்கிறது? இதில் தெய்வ ரகசியம் ஒன்றுமில்லை. கருந்திராட்சையை நசுக்கித் தோலோடும் கொட்டையோடும் புளிக்கவிடுகிறார்கள். ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று மதுவாக்குகிறது. சிவப்பு நிறம் பெரும்பாலும் தோலிலிருந்து வருவதே. அதே தோலும் கொட்டையும் டானின் என்கிற துவர்ப்புப் பொருளையும் கொடுக்கின்றன. வாழைப்பிஞ்சிலும், கடுக்காயிலும், பாக்கிலும், அதிகம் கொதித்த தேயிலையிலும் நாக்கை இழுத்துப் பிடிக்கின்றதே, அந்த ஜாதிப் பொருள்தான். புட்டியில் அடைத்து வருஷக்கணக்காய் வைத்தால் இந்தத் துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, அதில் ஒரு பாகம் அடியில் மண்டியாய்த் தங்கிவிடுகிறது. ஆகையால் துவர்ப்புத் தணிகிறது. ஊதாச் சிவப்பு செங்கல் நிறமாகிறது. பச்சைப் பழ வாசனை போய், உலர்ந்த பழம், புகையிலை, பதனிட்ட தோல், காளான், ஈரமண் போன்ற வாசனைகள் எழும்புகின்றன. இதைத்தான் பக்குவம் என்கிறார்கள்.

ஆனால் பக்குவத்திற்குப் பிறகு என்ன என்பதை மட்டும் பெருமை பேசுகிறவர்கள் சொல்லுவதில்லை. பக்குவத்திற்குப் பிறகு சாவுதான். பழ ருசி வடிந்து போய்விடும். புளிப்பு மட்டும் நிற்கும். காற்று அதிகமாய் நுழைந்தால் காடியாகிவிடும். பிரான்சு தேசத்தில் ஒயின்கள் கெட்டுப்போவது ஏன் என்று ஆராயும்படி மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதன்மேல் லூயி பாஸ்டர் ஆராய்ந்து, 1866-இல் அதைப்பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். நாளும் கோளும் காரணமல்ல, கண்ணேறும் காரணமல்ல. நுண்ணுயிர்களும் காற்றும் செய்கிற வேலை என்று காட்டினார். அப்படியிருக்க, உலகத்தில் செய்யப்படும் ஒயினில் பெரும்பாகம் சில வருஷங்களுக்குள் குடிக்கப்படுவதற்காகவே செய்யப்படுகிறது. நிறைந்த துவர்ப்பும் புளிப்பும் பழச்சத்தும் உள்ள ஒரு சிறு பாகம்தான் பத்து, இருபது, முப்பது வருஷம் தாங்குகிறது.

அந்தச் சிறு பாகமும் சும்மா தாங்குவதில்லை. வெளிச்சம் படாத நிலவறையில், ஏறக்குறைய 12, 13 டிகிரிக் குளிர்ச்சியில், ஏற்ற இறக்கமில்லாமல், தக்கை உலர்ந்துவிடாதபடி புட்டியைப் படுக்க வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நம் திருவள்ளூர், திருத்தணிப் பக்கத்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வெகுமதியாய் வந்த புட்டியைத் தகரக் கூரை வீட்டில் பீரோவின்மேல் நிறுத்திவைத்து, "வயது ஏறுகிறது" என்று சந்தோஷப்படுகிற தோழர்கள் இருக்கிறார்கள். வயது ஏறுவது மெய்தான். ஆனால் உள்ளே இருப்பது வெந்துகொண்டிருக்கிறது. ஆகவே மதிப்பைத் தருவது காலம் மட்டும் அல்ல. சரக்கும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும், ஏற்ற பருவத்தில் திறப்பதும் வேண்டும்.

இது வெள்ளைக்காரனுக்கு மட்டும் தெரிந்த வித்தை என்றும் யாரும் மலைக்க வேண்டியதில்லை. மதுவை மண்ணில் புதைத்தும் மூங்கிற் குழாயில் அடைத்தும் பக்குவப்படுத்தினதைப் புறநானூற்றுப் பாட்டுகள் சொல்லுகின்றன. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்தினதையும் அதே நூல் சொல்லுகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது அந்த யவன தேசத்து மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஏறக்குறைய 2000 வருஷப் பழமை! ஆனால் மிஞ்சியது ஓடுதான், ஒயின் அல்ல. நம் பனங்கள்ளையும் பாருங்கள். காலையில் இறக்கினால் இனிப்பு, மாலைக்குள் கடுப்பு, மேலும் வைத்தால் காடி. ஒரு சரக்குக்கு ஆயுள் முப்பது வருஷம், ஒரு சரக்குக்கு ஆயுள் ஒரு பகல். வயதை மட்டும் வைத்து எதையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நிற்க. இனி அதைச் சுவைத்துப் பார்க்கிறவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லுகிறோம். புட்டியை ஒருநாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் தங்கவிடுகிறார்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, மண்டி கழுத்துக்கு வரும்வரை மெதுவாய் வேறு பாத்திரத்தில் வடிக்கிறார்கள். கிண்ணத்தைச் சாய்த்து, வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து, ஓரத்தின் நிறத்தைப் பார்க்கிறார்கள். ஒருமுறை சுழற்றி மோந்து பார்க்கிறார்கள். ஏனெனில், ருசி என்று நாம் சொல்லுவதில் பெரும்பங்கு மூக்கினுடையது. ஒரு மிடறு வாயில் வைத்துப் புளிப்பு, துவர்ப்பு, பழச்சத்து மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பிறகு இதே தொழிலாய் உள்ளவர்கள் அதைத் துப்பிவிடுகிறார்கள்! ஆம் தோழர்களே, மயங்கினால் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். தக்கையிலிருந்து ஊசல் நாற்றம் ஏறியிருந்தால் எவ்வளவு விலையானாலும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகவே வாலிபத் தோழர்களுக்கு நம் பதில் இதுதான்: நாக்கை இழுக்கிற துவர்ப்பே மேலோங்கி நின்றால் அது இன்னும் பழுக்காததாயிருக்கலாம், வெறும் புளிப்பே நின்றால் பருவம் கடந்ததாகவோ வெப்பத்தில் கெட்டதாகவோ இருக்கலாம். நன்றாயிருந்தும் உங்களுக்குப் பிடிக்காமல் இருந்தால், "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லுவதில் ஒரு குற்றமும் இல்லை.

"பெரியவர்கள் சொன்னால் சரியாய்த்தானே இருக்கும்?" என்று கேட்பீர்களானால், அந்தப் பெரியவர்கள் கதையையும் கேளுங்கள். 1855-இல் பாரிஸ் பொருட்காட்சிக்காகப் போர்தோ பிரதேசத்துச் சிவப்பு ஒயின்களைத் தரகர்கள் அப்போதைய விலையை வைத்து அய்ந்து வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிறந்த தோட்டத்துக்குப் பட்டம்! அந்த அய்ந்து வகுப்பில் ஒன்று தன் படியை விட்டு மேற்படிக்கு ஏறுவதற்கு 1973 வரை, அதாவது 118 வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அது மூத்தோன் ராத்ஷில்ட் என்பது. வகுப்புப் பிரிக்கிற புத்தி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல என்று தெரிகிறதல்லவா?

1976 மே 24-ஆம் தேதி பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஒரு காரியம் செய்தார். புட்டிகளின் அடையாளத்தை மறைத்துப் பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேருக்கு ஊற்றிக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். சிவப்பில் முதலாவது வந்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. சற்றுமுன் சொன்ன மூத்தோன் 1970 இரண்டாவது. உடனே, "அமெரிக்கச் சரக்கு இளமையில் மினுக்கும், வயதானால் நில்லாது, முப்பது வருஷம் போகட்டும், பார்க்கலாம்" என்று வாதம் செய்தார்கள். சரி, முப்பது வருஷமும் போயிற்று. 2006 மே 24-இல் அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாப்பாவிலும் மறுபடியும் அடையாளம் மறைத்துச் சோதித்தார்கள். முதல் அய்ந்து இடமும் கலிபோர்னியாவுக்கே போயிற்று. முதலாவது வந்த ரிட்ஜ் மாண்டே பெல்லோ 1971-க்கு வயது 35. புட்டியின் சீட்டை மறைத்ததும் நாக்கு உண்மை பேசிற்று.

சீட்டையும் நிறத்தையும் பார்த்தால் நாக்கு எப்படிப் பொய் பேசும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2001-இல் வெளியான ஒரு சோதனையில், போர்தோவில் ஒயின் சாஸ்திரம் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லுகிற வாசனைகளையெல்லாம் அதற்கு எழுதி வைத்தார்கள். படிக்கிறவர்கள் கதியே இது!

பழமை வியாபாரம் இதைவிட வேடிக்கை. ரூடி குர்னியவான் என்பவர் அமெரிக்காவில் பணக்காரர்களுக்குப் பழம்பெரும் ஒயின்கள் விற்றார். அவர் பெயரால் 2008-இல் ஏலத்துக்கு வந்த போன்ஸோ குடும்பத்துப் புட்டிகளில் 1945 முதல் 1971 வரை வருஷம் போட்டிருந்தது. அக்குடும்பமோ அந்தத் தோட்டத்து ஒயினை 1982-க்கு முன் செய்ததே இல்லை! விசாரித்ததில், வேறு ஒயின்களைக் கலந்து, வீட்டிலேயே பழைய சீட்டு ஒட்டின பித்தலாட்டம் வெளியாயிற்று. 2013-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2014-இல் 10 வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறக்காத குழந்தைக்கு ஜாதகம் எழுதின கதைதான். "எந்த வருஷம்?" என்று கேட்டவர்கள் அநேகர், "மெய்தானா?" என்று கேட்டவர்கள் சிலரே. அந்தச் சிலரால்தான் புரட்டு வெளிப்பட்டது.

தோழர்களே! வயதுதான் மதிப்பு என்றால், நம் ஜில்லாவிலேயே பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்திருக்கின்ற கற்கோடாரிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வருஷ வயது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அவற்றை நாம் அருமையாய்ப் பாதுகாக்க வேண்டும், படிக்க வேண்டும். ஆனால் கறி வெட்ட அதை யாராவது எடுத்துப் போகிறார்களா? கும்மிடிப்பூண்டி உலைகளில் வேலை செய்கிற உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பழைய இரும்பு வந்தால் அதற்குக் கற்பூரம் காட்டுவதில்லை. உருக்குகிறீர்கள், கம்பியாக்குகிறீர்கள், இழுத்துச் சோதித்துத் தாங்கினால்தான் வெளியே அனுப்புகிறீர்கள்.

உலைக்கூடத்தில் உள்ள அந்தப் புத்தி விருந்து மேஜையிலும் இருக்கவேண்டும் என்பதுதான் நம் வேண்டுகோள். பழையது என்பதற்காக எதையும் இகழவும் வேண்டாம், வணங்கவும் வேண்டாம். நல்ல பழைய ஒயின் உண்டு. அது நல்லது என்பது வாயில் தெரியவேண்டுமே ஒழியச் சீட்டில் அல்ல. அடுத்த முறை எவராவது புட்டியைத் தூக்கி அதன் வயதையும் விலையையும் வம்சத்தையும் சொல்லுவாரானால், குடிக்க விருப்பமில்லாதவர் "வேண்டாம்" என்று கூசாமல் சொல்லுங்கள். சுவைக்கிறவர், "சீட்டை மறைத்து ஊற்றுங்கள், பிறகு சொல்லுகிறோம்" என்று கேளுங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். மற்றவர் "ஆகா"வுக்காக உங்கள் நாக்கை அடகு வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.