கொல்லைப்புறத்தில் ஒரு தேன்கூடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காக என் வீட்டுக் கொல்லையில் வைத்த மரப்பெட்டி ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற வாய்ப்பளித்தமைக்கு நன்றி.

நாம் வாழும் இப்புனே நகரில் 1962-ஆம் ஆண்டு மத்திய தேனீ ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் நிறுவப்பெற்றது. பெட்டியோ நம் தென்னாட்டுத் தொடர்புடையது. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியச் சிற்றூர் மக்களுக்குத் தேனீ வளர்ப்பைப் பயிற்றுவித்த நியூட்டன் பாதிரியாரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. கீழறையில் தேனீக்கள் தம் குஞ்சுகளை வளர்க்கும். மேலறையில் தேனைச் சேர்க்கும்.

மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுவன, பெட்டிக்குள் தங்கா. இருண்ட பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீயே நம் பெட்டிக்கு ஏற்றது. ராணியுடன் கூடிய கூட்டத்தைத் தேனீ வளர்ப்போரிடம் பெற்று, நிழலான இடத்தில் வைத்தல் வேண்டும். தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. அண்டை வீட்டாரின் இசைவை முன்னரே பெறுதல் நம் கடமை. தேனீ கொட்டினால் சிலருக்கு மூச்சுத் திணறி உயிருக்கே இடர் நேரும். அத்தகையோர் அருகில் இருப்பின் இம்முயற்சி வேண்டா.

இனி என் பிழையைக் கூறுகிறேன். முதல் ஆண்டு, நாவல் பூத்து ஓய்ந்த மே மாதத்தில் மேலறை நிறைந்திருக்கக் கண்டேன். ஆசை மேலிட்டு அதனை முற்றும் எடுத்ததோடு நில்லாது, கீழறை அடைகளின் மேற்புறத்துத் தேனையும் வழித்தெடுத்தேன். தேனை உண்டவரெல்லாம் புகழ்ந்தனர். ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. பூவும் அரிதாயிற்று, வெளியே பறக்க வெயிலும் இல்லை. ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை மூடியைத் திறந்தேன். இறந்த தேனீ ஒன்றுமில்லை, உயிருள்ளதும் ஒன்றுமில்லை, வெற்று அடைகளே எஞ்சியிருந்தன. பசி வந்துற்றால் இந்தியத் தேனீ கூட்டையே துறந்து வேற்றிடம் நாடிவிடும்.

“உண்ண வழியில்லாத ஊரை விட்டுத்தானே நம் பெரியவர்களும் இங்கே வந்தார்கள்?” என்றாள் என் மனைவி. நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு வேறொரு கூட்டம் வாங்கினேன். கீழறைத் தேனைத் தொடவில்லை. மேலறையிலும் பாதியை விட்டுவைத்தேன். மழை மாதங்களில் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் சேர்த்த பாகினை மாலைதோறும் பெட்டிக்குள் வைத்தேன். மழை ஓய்ந்தபின்னும் அக்கூட்டம் அங்கேயே இருந்தது. இன்றும் இருக்கிறது.

தேனெடுக்க ஒரே நாளில் கற்றேன். எவ்வளவு விட்டுவைப்பது என்று கற்க எனக்கு ஒரு கூட்டம் செலவாயிற்று. உங்களுக்கு அச்செலவு வேண்டாம் என்றே இதனைக் கூறினேன். விருப்பமுள்ளோர் ஞாயிறு காலையில் என் இல்லம் வருக. பெட்டியைத் திறந்து காட்டுகிறேன்.