பாசிக் குட்டைக்கு ஏற்ற இரை எது?



அயிரையை விட்டு வராலைப் பிடிப்பது என்று நம் முன்னோர் சொல்வார்கள். சிறியதைக் கொடுத்துப் பெரியதைப் பெறுவது என்பது அதன் பொருள். இன்றோ, நம் பேராக் மாநிலத்தில் அயிரையும் புழுவும் இல்லாமல், பொய்த் தவளையைக் காட்டியே விராலைப் பிடிக்கிறார்கள். அதற்குப் போட்டிகளும் நடக்கின்றன. நம் பிள்ளைகளுக்கும் அதில் ஆர்வம் மிகுதி. ஆனால், கடையில் கண்ணைக் கவர்ந்த இரைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போய், உழைத்துச் சேர்த்த வெள்ளியைப் பாசியில் சிக்கவைத்து அறுத்துவிட்டு வருகிறவர்கள் பலர். ஆகவே, பாசி மண்டிய குட்டைக்கு எந்த இரை ஏற்றது என்பதை இன்று சிந்திப்போம்.

முதலில் இடத்தை அறிவோம். ஈப்போ, பத்து காஜா, கம்பார் வட்டாரங்களில் நாம் காணும் குட்டைகள் பெரும்பாலும் ஈயம் தோண்டிய குழிகள். 1985-ஆம் ஆண்டில் ஈய விலை சரிந்ததும் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. குழிகளில் நீர் தேங்கியது. தாமரையும் ஆகாயத் தாமரையும் பாசியும் படர்ந்தன.

அடுத்து, மீனை அறிவோம். ஹருவான் என்று மலாய்க்காரர் அழைக்கும் விராலும், அதன் பெரிய உறவான தோமானும் காற்றையும் சுவாசிக்கக் கூடியவை. வெயிலில் நீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறைகிறது. மற்ற மீன்கள் தவிக்கும்போது, இவை மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிக்கொண்டு செடி நிழலிலேயே பதுங்கியிருக்கும். தவளையோ சிறு மீனோ அருகே வந்தால் பாய்ந்து கவ்வும். ஆகவே, இரை செடிக்குள் போக வேண்டும். சிக்காமல் திரும்பியும் வர வேண்டும்.

இதை மனத்தில் வைத்து மூன்று வகை இரைகளைப் பிரித்துக்கொள்வோம்.

நீரே தெரியாதபடி இலைகள் மூடிய இடத்துக்கு, உள்ளே வெற்றிடம் உள்ள பொய்த் தவளை ஏற்றது. அதன் இரு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். இலையில் மாட்டாது. மீன் கவ்வும்போது உடல் அமுங்கி முள் வெளிப்படும். நீர் சிதறியதும் பதறி இழுத்துவிடக் கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ணி, நூலில் கனம் தெரிந்த பிறகே சுண்ட வேண்டும்.

செடி நீருக்கடியில் இருந்து, இடையிடையே வெளி தெரிந்தால், மென்மையான பொய்ப் புழுவைக் கோத்து, முள் நுனியை அதன் உடலுக்குள்ளேயே மறைத்து மெதுவாக இறக்கலாம்.

செடி ஓரத்தில் திறந்த நீர் இருந்தால், பளபளக்கும் ஸ்பூனும் மீன் வடிவ இரையும் உதவும். மும்முள் தொங்கும் இவற்றைச் செடிக்குள் வீசினால் இரைக்கு முழுக்குத்தான்.

நிறத்தைப் பற்றிப் பலர் வாதிடுவார்கள். மிதக்கும் இரையை மீன் கீழிருந்து பார்க்கிறது. வானத்தின் வெளிச்சத்தில் அதற்குத் தெரிவது நிழலுருவமே. காலையிலும் மாலையிலும் கறுப்புத் தவளை எடுபடுவது அதனால்தான். ஆகவே, பத்து நிறம் வேண்டாம். கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று போதும். செடியிலிருந்து மீனை இழுத்தெடுக்க வலுவான பின்னல் நூலும் தேவை. இரையில் மிச்சப்படுத்தியதை நூலில் செலவிடுவோம்.

கையால் செய்யவும் முடியும். 1936-இல் பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ராப்பலா தக்கையைச் சீவி மீன் வடிவ இரை ஒன்றைச் செய்தார். சாக்லேட் சுற்றிய தாளைத்தான் அதற்குப் பளபளப்பாக ஒட்டினார். உலகப் புகழ் பெற்ற தொழில் அப்படித்தான் தொடங்கியது. நம் வீட்டில் மிதக்கும் பழைய செருப்பு இல்லையா? அதைத் தவளையாகச் சீவி, முள் நுனிக்கு முன்னால் விறைப்பான நரம்புத் துண்டைக் காவலாக வைத்தால் பாசியில் மாட்டுவது குறையும்.

இனி, இரையைவிட முக்கியமான இரண்டு செய்திகள். ஈயக் குட்டையின் கரை மணல் நிலையானதன்று. ஓரடி எடுத்து வைத்தாலே ஆழம் செங்குத்தாக இறங்கும். சிக்கிய இரைக்காக ஒருவரும் நீரில் இறங்கக் கூடாது. சில வெள்ளி இரை போனால் போகட்டும். பிள்ளை திரும்பி வர வேண்டும்.

மற்றொன்று, நீர்மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளினால், அடியில் தாய் தந்தைத் தோமான்கள் காவல் இருக்கும். அங்கே எதை வீசினாலும் குஞ்சுகளைக் காக்கப் பாய்ந்து கவ்வும். பரிசு எளிதில் கிடைக்கும். ஆனால், காவல் போன குஞ்சுகள் மற்ற மீன்களின் வாயில் விழும். ஒரு மீனைப் பிடித்து ஒரு தலைமுறையையே அழிப்பது திறமையாகாது. அந்த இடத்தை விட்டு விலகி வீசுவோம்.

பிள்ளைப் பெற்ற தாய்க்கும் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்க்கும் விரால் குழம்பு வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அந்த மீன் நாளையும் நம் குட்டைகளில் இருக்க வேண்டுமானால், எதை வீசுவது என்பதோடு, எங்கே வீசாதிருப்பது என்பதையும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.