உபயப் பெயர் எழுத முடியாத கொடை
(அறநிதியின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

ஆன்மிகச் சொற்பொழிவாளர்கள் நின்ற மேடையில் ஒரு பொறியியலாளனை நிறுத்தியிருக்கிறீர்கள். மருத்துவப் புத்தாக்கத்திற்கு அறநிறுவனங்களிடம் நிதி கேட்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்பது எனக்குக் கொஞ்சம் பழகிய தொழில்தான்.

என் அத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் கோயில் அன்னதானக் கூடத்தில் காய் நறுக்கியவர். இனிப்புநீர் இருந்தது. பாதம் மரத்துப்போனது அவருக்கே தெரியாது. ஒரு தைப்பூசத்தன்று நண்பகல் வெயிலில், வெறுங்காலுடன் பால்குடத்தின் பின்னே தார்ச்சாலையில் நடந்தார். கொப்புளம் புண்ணாகி, நாங்கள் கண்டபோது மூன்று வாரம் கடந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "வலிச்சிருந்தா சொல்ல மாட்டேனாடா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னைப் பயோடிசைன் பக்கம் திருப்பியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பால் யோக் என்ற இதய மருத்துவர் முன்னின்று வளர்த்த முறை இது. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு அரசு அமைப்புகள் ஸ்டான்ஃபோர்டுடன் கைகோத்து இதற்கான பயிற்சியைத் தொடங்கின. முதலில் கருவியைப் பற்றி நினைக்கவே கூடாது. மருத்துவரும் பொறியியலாளரும் நோயாளியின் அருகில் நின்று, என்ன தேவை என்பதை எழுத வேண்டும். இதுவே அதன் உயிர்நாடி.

நானும் ஒரு மருத்துவரும் ஒரு தாதியும் அந்த முறைப்படி மூன்று மாதம் பாத சிகிச்சைப் பிரிவில் நின்றோம். புண் தோன்றுமுன் அந்த இடம் சூடேறும் என்பதை ஆய்வாளர்கள் முன்பே கூறியிருக்கிறார்கள். இரு பாதங்களிலும் ஒரே இடத்தை அளக்கும்போது வேறுபாடு 2.2 பாகை செல்சியஸைத் தாண்டினால் எச்சரிக்கை. ஆனால் குனிய முடியாத, கண்பார்வை மங்கிய மூதாட்டியின் வீட்டில் அதை யார் அளப்பது? "தனியே வசிக்கும் முதியவர், குனியாமல், தன் பாதச் சூட்டை நாள்தோறும் அறிய ஒரு வழி வேண்டும்." மூன்று மாத உழைப்பின் பயன் இந்த ஒரு வாக்கியம்.

அதை எடுத்துக்கொண்டு ஓர் அறநிறுவனத்திடம் போனோம். "கருவி எங்கே?" என்றார்கள். இன்னும் இல்லை என்றோம். "இயந்திரமாக வாங்கிக் கொடுத்தால் பெயர் பொறிக்கலாமே" என்றார்கள். அவர்களை நான் குறை கூற மாட்டேன். நம் கோயில்களில் குழல்விளக்கில்கூட வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதுகிறவர்கள்தானே நாம்? தவறு எங்களிடமும் இருந்தது. நாற்பது பக்க விண்ணப்பம். அந்த நிறுவனம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை நான் படிக்கவே இல்லை.

மனம் சோர்ந்திருந்த வேளையில் வாலஸ் கூல்ட்டர் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். 1930களில் எக்ஸ்ரே கருவி விற்க ஆசியாவுக்கு வந்தவர். நம் சிங்கப்பூரிலும் இருந்தார். 1941 டிசம்பரில், ஜப்பானியர் நெருங்கியபோது, இரவில் ஒரு சரக்குக் கப்பலேறி இந்தியாவுக்குத் தப்பினார். இரத்த அணுக்களை உருப்பெருக்கியில் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. பின்னர் சிக்காகோவில், தம்பி ஜோசப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு நிலவறையில் வேலை செய்தார். சிகரெட் பெட்டியின் செல்லோஃபேன் தாளில் சூடான ஊசியால் துளையிட்டார் என்பார்கள். அத்துளை வழியே அணுக்கள் ஒவ்வொன்றாகப் போகும்போது மின்னோட்டம் சற்றே மாறும்; அந்த மாற்றத்தை எண்ணினால் போதும். 1953இல் காப்புரிமை கிடைத்தது. அவர் 1998இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற செல்வத்தில் இயங்கும் அறநிறுவனம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய முயற்சிகளுக்கு நிதி வழங்கியது. பொறியியலாளரும் மருத்துவரும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

ஏன் இப்படிப்பட்ட பணம் வேண்டும்? அரசாங்க மானியம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்குப் போகிறது. முதலீட்டாளர் கருவி வேலை செய்வதைக் கண்ணால் கண்ட பிறகே வருவார். இடையில், மாதிரி செய்து உடைத்துப் பார்க்கும் காலத்திற்குப் பணம் தருவார் அரிது. தாதியின் நேரத்திற்குச் சம்பளம் தருவார் அதைவிட அரிது. தோற்றாலும் திருப்பிக் கேட்காத பணம் அறக்கொடை ஒன்றுதான்.

இரண்டாம் முறை வேறொரு நிறுவனம். எழுதுவதற்கு முன் அவர்களுடைய ஐந்து ஆண்டறிக்கைகளைப் படித்தேன். முதியோர் நலமே அவர்கள் நோக்கம். தொழில்நுட்பம் என்ற சொல் எங்கும் இல்லை. ஆகவே நானும் "சென்சார்" என்ற சொல்லை முதற்பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அத்தையின் காலை எழுதினேன். அவர்களுடைய அதிகாரியிடம் முதலில் தொலைபேசியில் பேசினேன். விண்ணப்பம் மூன்றே பக்கம். தாதியின் சம்பளத்திற்குத் தனி வரி. எந்த முடிவு வந்தால் நாங்களே நிறுத்திவிடுவோம் என்பதையும் எழுதினோம். காப்புரிமை யாருக்கு, பிற்காலத்தில் இலாபம் வந்தால் அது எங்கே போகும், ஏழை நோயாளிக்கு என்ன விலை என்பதையும் அவர்கள் கேட்குமுன் சொல்லிவிட்டோம். அறப்பணம் தனியார் சட்டைப்பைக்குள் போய்விடுமோ என்ற அச்சம் கொடையாளருக்கு இருக்கத்தானே செய்யும்?

கேட்டதில் பாதி வந்தது. முதல் மிதிபலகை ஒரே மாதத்தில் விரிசல் விட்டது. மறைக்காமல் அறிக்கையில் எழுதினோம். இரண்டாம் தவணையும் வந்தது! இப்போது ஆறாவது மாதிரி பதினொரு வீடுகளில் இருக்கிறது. காலையில் பல் துலக்கும்போது அதன் மேல் நின்றால் போதும்.

தன் வீட்டிலும் ஒன்று வைக்கச் சொன்னார் அத்தை. என்னால் முடியவில்லை. இரு பாதங்களை ஒப்பிட்டுத்தான் அது சொல்லும். அவருக்கு இருப்பது ஒன்று. மாலையில் விளக்கேற்றிய பிறகு என் மனைவி அந்தப் பாதத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிறாள். ஒற்றைப் பாதத்திற்கு என்ன வழி என்பதே எங்கள் அடுத்த விண்ணப்பம். அதற்குக் கருவியும் இல்லை, படமும் இல்லை. முதற்பக்கத்தை நேற்றிரவு எழுதி முடித்தேன்.