கிளம்பாத வண்டியும் கைராசியும்

(தாம்பரத்தில் வாடகை வண்டி ஓட்டும் தோழர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



கேரவன் என்று சொல்லப்படுகிற வீட்டு வண்டி கிளம்பாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். அது சினிமாக்காரருக்கும் பணக்காரருக்கும் ஏற்பட்ட வண்டி, அதைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் நினைக்கக் கூடும். வண்டி யாருடையதாயிருந்தாலும் அதை ஓட்டுகிறவர் நம்மவர். அது நடுவழியில் நின்றால் ஏச்சு வாங்குகிறவரும் நம்மவர்தான். மலையாள நாட்டு அரசாங்கமோ 2021-ஆம் வருஷத்திலேயே "கேரவன் கேரளா" என்று ஒரு திட்டம் போட்டு இவ்வண்டிகளை ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக ஓட விட்டிருக்கிறது. ஆகவே இது நம் பிள்ளைகளுக்கும் பிழைப்பாகக் கூடிய விஷயம்.

வண்டி கிளம்பவில்லை என்றவுடன் முதலில் என்ன பேச்சு பிறக்கிறது? "இன்று யார் முகத்தில் விழித்தோம்?" என்கிறார் முதலாளி. பூனை குறுக்கே போயிற்று என்கிறார் ஒருவர். புருஷனை இழந்த ஒரு அம்மாள் எதிரே வந்தாள் என்கிறார் இன்னொருவர். கடைசியாக எல்லோரும் சேர்ந்து, "இந்த டிரைவர் வந்த நாள் முதல் இப்படித்தான்; ராசியில்லாத கை" என்று தீர்ப்புச் சொல்லுகிறார்கள். பாட்டரி முனையில் கொஞ்சம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவ ஐந்து நிமிஷம் ஆகும். அதைச் செய்யாத காரணத்தால் ஒரு மனிதனுக்கு வேலை போகிறது. எனக்கு இஞ்சினைவிட முக்கியமாகத் தோன்றுகிற சங்கதி இதுதான்.

சென்னையில் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும். புது வண்டி வாங்கியவர்கள் அங்கே கொண்டு போய்ப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கொண்டு வருகிறார்கள். பூஜை போட்ட வண்டியும் நிற்கிறது. போடாத வண்டியும் ஓடுகிறது. நின்று போன பிறகு, பூஜை போட்டவரே பூசாரியைக் கூப்பிடாமல் மெக்கானிக்கைத்தானே கூப்பிடுகிறார்? அவருடைய நம்பிக்கை அவருக்கே அவ்வளவுதான்.

எலுமிச்சம்பழத்தில் சக்தியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு செம்புத் தகட்டையும் ஒரு துத்தநாகத் தகட்டையும் பழத்தில் குத்தினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் வரும். பதினான்கு பழத்தைக் கோத்தால் 12 வோல்ட் கூட ஆகிவிடும். ஆனால் வருகிற மின்சாரம் ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். செல்ப் மோட்டார் சுற்றுவதற்கோ நூறு, இருநூறு ஆம்பியர் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ இருபது லட்சம் பழம் வேண்டியிருக்கிறது. அவ்வளவு பழம் வாங்குகிற பணத்துக்குப் புது வண்டியே வாங்கிவிடலாம்.

நிற்க. வண்டிக்கு வருவோம்.

சாவியைத் திருப்பும்போது காதைத் தீட்டி வைத்துக் கொள்ளுங்கள். ஒரு சத்தமும் இல்லையா? முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளச்சு முழுதும் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகள் அவை சரியாக இல்லாவிட்டால் செல்ப் எடுக்கவே எடுக்காது. டக் டக் என்று அடுக்கடுக்காகச் சத்தம் வந்து விளக்கும் மங்கினால் பாட்டரியோ அதன் முனைகளோ எர்த் பட்டையோ கெட்டிருக்கிறது. விளக்கு பிரகாசமாக இருந்து ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் பெரும்பாலும் செல்ப் மோட்டாரில் கோளாறு. இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையானால் பாட்டரியைத் திட்டுவதில் பயனில்லை. எண்ணெய் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

வீட்டு வண்டியில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. "உள்ளே பேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஐஸ் பெட்டி வேலை செய்கிறது, பாட்டரி எப்படிக் கெட்டிருக்கும்?" என்று கேட்கிறார்கள். அந்த வண்டியில் பாட்டரி இரண்டு வகை. வீட்டுக்கு ஒன்று, இஞ்சினுக்கு ஒன்று. பேன் ஓடுவது வீட்டு பாட்டரியில். இஞ்சின் பாட்டரி செத்துக் கிடந்தாலும் உள்ளே கல்யாண வீடு போல விளக்கு எரியும்! சில வண்டிகளில் இரண்டையும் பிரித்து வைக்கிற சுவிட்சு கெட்டுப் போய், ராத்திரி முழுதும் பேன் ஓடி இஞ்சின் பாட்டரியையும் சேர்த்துக் குடித்துவிடும். காலையில் பழி டிரைவர் மேல்.

ஆகவே ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். ஓய்ந்திருக்கிற இஞ்சின் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாயிருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. சாவியைத் திருப்பும்போது 9½-க்குக் கீழே இறங்கினால் அந்த பாட்டரியை நம்ப வேண்டாம். பெரிய வண்டிகளில் இரண்டு பாட்டரியைச் சேர்த்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். அவற்றுக்கும் 12 வோல்ட் வண்டிக்கும் கம்பி போட்டு இழுக்கக் கூடாது. இரவல் பாட்டரி வைக்கும்போது சிவப்பை முதலில் போட்டு, கறுப்பின் கடைசி முனையை பாட்டரியை விட்டுத் தள்ளி இஞ்சின் இரும்பில் கவ்வ வையுங்கள். பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியில் வெடிக்கும். பீடியும் அப்படியே.

நம் பக்கத்தில் கடற்காற்றில் உப்பு இருப்பதால் எர்த் பட்டை சீக்கிரம் அரித்துப் போகிறது. மழைக்காலத்தில் எலி இஞ்சினுக்குள் குடியேறிக் கம்பியைக் கடித்துவிடுகிறது. (எலி பிள்ளையாருக்கு வாகனமாயிருக்கலாம், நம் வாகனத்துக்குச் சத்துரு.) மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டிகளில்தான் இவை அதிகம்.

எண்ணெய் விஷயத்தில், டீசல் வண்டியானால் பில்டரின் அடியில் தங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, கைப் பம்பை அடித்து ஏர் எடுங்கள். இப்போதைய புது டீசல் இஞ்சின்களில் பம்புக்கு மேற்பட்ட குழாயை மட்டும் சாவி போட்டுக் கழற்றாதீர்கள். அதில் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் ஏறுகிறது. பீச்சினால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே எடுக்க வேண்டி வரலாம்.

எண்ணெய்க் குழாய் அடைத்துக் கொள்வது மோட்டாரோடு கூடப் பிறந்த வியாதி. 1888-ஆம் வருஷம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், தன் புருஷன் கார்ல் பென்ஸ் செய்த வண்டியை அவரிடம் சொல்லாமல் எடுத்துக் கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் போனார். வழியில் குழாய் அடைத்துக் கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறை கட்டும் பட்டையைச் சுற்றினார். எண்ணெய் தீர்ந்தபோது ஒரு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். மோட்டாரில் உலகத்திலேயே முதல் நெடும் பிரயாணம் செய்தது ஒரு பெண். இங்கே பெண் எதிரே வந்தால் மோட்டார் நின்றுவிடும் என்கிறார்கள்!

நாமும் இயந்திரம் தெரியாத ஊர்க்காரர்களல்ல. பக்கத்தில் பெருங்களத்தூர்ப் புறத்தில்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்தது. 1961 முதல் ஹெரால்டு கார் அங்கே தயாராயிற்று. அதை முடுக்கியது ராசியுள்ள கையா, இல்லாத கையா என்று எந்தக் காரும் கேட்டதில்லை.

இனி வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வண்டிகள் முழுகிக் கிடந்தன. இப்படி முழுகிய வண்டியைத் தண்ணீர் வடிந்தவுடன் சாவி போட்டுப் பார்ப்பது மனித சுபாவம். அதுதான் வண்டிக்கு எமன். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. இஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும், ஆயிரத்தில் முடிகிற வேலை லட்சத்துக்குப் போகும். சாவி போட்டதால் வந்த சேதம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர மறுப்பதும் உண்டு. முழுகிய வண்டியானால் பாட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றிவிட்டு, நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக் கொண்டு, கட்டி இழுத்துப் போங்கள். "சும்மா ஒரு தடவை போட்டுப் பார்" என்று முதலாளி சொன்னாலும் போடாதீர்கள்.

இன்னொன்று, இது உயிர் சங்கதி. பாட்டரி ஏறட்டும் என்று ஜெனரேட்டரை ஓட விட்டு, கதவைச் சாத்திக் கொண்டு வண்டிக்குள் படுக்காதீர்கள். 2024 டிசம்பரில் மலையாள நாட்டு வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே நிறைந்ததே காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கம் வருவது போலிருக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக, வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போட்டு வையுங்கள். என்றைக்கு நின்றது, சாவி திருப்பியபோது என்ன சத்தம், மீட்டரில் எத்தனை வோல்ட், கடைசியாக எந்த பங்கில் எண்ணெய் போட்டது, எதை மாற்றியபின் கிளம்பிற்று என்று எழுதுங்கள். மெக்கானிக்குக்கு அதனால் பாதி வேலை மிச்சம். கைராசியைப் பற்றி முதலாளி பேச ஆரம்பித்தால் அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். இனி கேள்வி கேட்க விரும்புகிற தோழர்கள் கேட்கலாம்.