ஸ்பீக்கர்: அழகும் ஓசையும்

வீட்டு ஸ்பீக்கரின் தோற்றமும் ஒலித்தரமும் மோதிக்கொள்ளும் இடம் அதன் பெட்டி. பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி எழ நிறையக் காற்று அசைய வேண்டும். சிறிய பெட்டி, ஆழ்ந்த பாஸ், குறைந்த மின்சக்தியில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒருசேரக் கிடைக்கும். பொறியாளர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பர். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் உருவாக்கிய ஏஆர்-1 ஸ்பீக்கர், காற்றுப்புகாத சிறிய பெட்டியில் ஆழ்ந்த பாஸைத் தந்தது. ஆனால் அதற்கு வலுவான ஆம்ப்ளிஃபையர் தேவைப்பட்டது.

இன்றைய மெல்லிய ஸ்பீக்கர்கள் பல பாஸைத் தனி சப்வூஃபரிடம் விட்டுவிடுகின்றன. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி வரும் திசை காதுக்கு எளிதில் புலப்படாது. எனவே சப்வூஃபரைக் கண்ணில் படாமல் வைக்கலாம்.

பெட்டியின் நிறம் ஒலியை மாற்றாது. பலகையின் கனமும் உறுதியும் மாற்றும். ஸ்பீக்கரை அறை மூலையில் ஒட்டி வைத்தால் பாஸ் மிகையாகும். உயர்ந்த ஒலியைத் தரும் ட்வீட்டர், அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருப்பது நல்லது.

கடையில் பழகிய பாடலொன்றை எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலியளவில் கேட்டு ஒப்பிட வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பதுகூடத் தரமானதாகத் தோன்றிவிடும்.